வொறன்ட் யாருக்கு? இலவசப் பயணமும் எமது பெண்களின் பயணங்களும்

மாத்தளைப் புகையிரத நிலையத்தோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. கண்டியில் புறப்பட்டு மஹையாவ, கட்டுகஸ்தோட்டை, வத்தேகம, உக்குவளை என்று வரும் பாதைக்கு அதற்கப்பால் வழியில்லை. 1880ஆம் ஆண்டு இந்தப் பாதையைத் திறந்தவர்கள் மனிதரை மனதில் வைத்துத் திறக்கவில்லை. தோட்டத்து விளைச்சலைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுசேர்ப்பதே அவர்களது தேவை. ஆகவே பாதையும் துறைமுகத்தைப் பார்த்தே போகிறது.

ஆனால் மாத்தளை மாவட்டத்துத் தமிழ்ப் பெண்கள் போக வேண்டிய இடங்கள் வேறு. 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களின் பின்னர் மலையகத் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறின. அங்கே யுத்தம் அவர்களைப் பின்தொடர்ந்தது. ஒரு தங்கை உக்குவளையில், ஒரு தமக்கை கிளிநொச்சியில், தம்பியின் பெயர் காணாமற்போனோர் பட்டியலில் என்று சிதறிய குடும்பங்கள் எம்மிடையே எத்தனையோ உண்டு. இவர்களது பயணங்களுக்கு யார் பணம் கொடுப்பது? இந்த மாதம் நாம் பேச எடுத்துக்கொண்ட விடயம் இதுதான்.

டிக்கட் காசு மட்டுமா செலவு?

தடுப்பில் இருக்கும் மகனைப் பார்க்கக் கொழும்புக்குப் போகும் ஒரு தாயை நினைத்துக்கொள்வோம். வீடு றத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில். விடியுமுன் எழுந்து சோறு கட்ட வேண்டும். லயத்திலிருந்து பிரதான வீதிவரை நடை. அங்கிருந்து பஸ் பிடித்து மாத்தளை. மாத்தளையிலிருந்து கண்டி, கண்டியிலிருந்து கொழும்பு. அங்கே இறங்கிச் சிறைச்சாலை வாசலுக்குப் போக இன்னொரு பஸ். தனியாகப் போக அஞ்சி மகளையும் கூட்டிக்கொண்டு போனால் எல்லாச் செலவும் இரண்டு மடங்கு. இவ்வளவும் செய்து மகனோடு பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்.

அன்றைக்குத் தோட்டத்தில் பேர் இல்லை. திரும்பி வர இரவாகி, மறுநாள் உடம்பு முடியாமல் படுத்தால் அந்தப் பேரும் போய்விடும். ஆகவே ஒரு பயணத்தின் செலவைக் கணக்குப் பார்க்கும்போது டிக்கட் காசோடு இரண்டு நாள் கூலியையும் கூட்ட வேண்டும். மாதம் ஒரு தடவை போகலாம் என்று நினைத்தவர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போகிறார். பிறகு வருடத்துக்கு ஒரு தடவை. "அம்மா ஏன் வரவில்லை?" என்று உள்ளே இருப்பவர் நினைக்கிறார். பாசம் குறைந்ததால் அல்ல, கையில் காசு இல்லாததால்தான் அம்மா வரவில்லை.

சிறைச்சாலை ஓர் உதாரணம் மட்டுமே. வழக்குத் தவணைக்குப் போக வேண்டும். கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கிளினிக் போக வேண்டும். பிறப்புச் சான்றிதழ் வடக்கில் பதியப்பட்டிருந்தால் அதன் பிரதியைத் தேடிப் போக வேண்டும். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவாக்கப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் கொழும்பில் தலைமை அலுவலகத்தைத் திறந்ததோடு மாத்தறை, மன்னார், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு ஆகிய இடங்களிலும் பிராந்திய அலுவலகங்களை அமைத்தது. இவற்றில் எது மாத்தளைக்குப் பக்கம்? விசாரணைக்கு அழைத்துக் கடிதம் வந்தால், கடிதத்தைப் படித்தவுடன் ஒரு பெண் முதலில் நினைப்பது என்ன சொல்வது என்று அல்ல. எப்படிப் போவது என்றுதான். போக முடியாமல் போனால் அவளது குரல் பதிவாகாமலே கோப்பு மூடப்படலாம். பயணச் செலவு நீதியின் செலவாக மாறுவது இப்படித்தான்.

தகர டிக்கட்டின் கதை

எமது மக்களுக்கு இலவசப் பயணம் புதியதல்ல. ஆனால் அந்தக் கதையைத் தெரிந்துகொண்டுதான் இன்றைய கோரிக்கையை வைக்க வேண்டும்.

முதலில் வந்தவர்களுக்குப் புகையிரதமே இல்லை. தென்னிந்தியாவிலிருந்து தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். ஏறத்தாழ 250 கிலோமீற்றர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. அவர்களை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய "மாண்புமிகு மலையக மக்கள்" நடைபயணம் ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் நிறைவடைந்ததை வாசகிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

1900களின் தொடக்கத்தில் தகர டிக்கட் முறை வந்தது. தோட்டத்தின் இலக்கம் பொறித்த சிறிய தகரத் துண்டு ஒன்றைத் தொழிலாளியிடம் கொடுத்துவிடுவார்கள். அதைக் காட்டினால் காசில்லாமல் தோட்டம்வரை வந்து சேரலாம். 1914இல் தலைமன்னார்ப் பாதை திறந்த பிறகு மண்டபம் வழியாக வந்தவர்கள் கப்பலில் இறங்கிப் புகையிரதத்தில் ஏறினார்கள். யுத்த காலத்தில் எம்மவர் பலர் அகதிகளாகத் தங்கியிருந்த அதே மண்டபம் முகாம்தான் அது.

பார்ப்பதற்கு இலவசம். ஆனால் பயணச் செலவு தோட்டத்தின் பெயரில் எழுதப்பட்டது. தோட்டம் அதைப் பெரும்பாலும் கங்காணியின் கணக்கு வழியாகத் தொழிலாளியின் கடனாக ஏற்றியது. வந்து இறங்கிய அன்றே கடனாளி. அந்தக் கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டு நகர முடியாது. இலவசம் என்று சொல்லிக் கொடுக்கப்படுவது எதுவானாலும், இறுதியில் அது யார் தலையில் ஏறுகிறது என்று கேட்கும் பழக்கம் எமக்கு வேண்டும்.

இன்று யாருக்கு இலவசம்?

எமது நாட்டில் புகையிரதத்தில் இலவசமாகப் போகும் உரிமை சட்டபூர்வமாகவே இருக்கிறது. அரசாங்க ஊழியர்களுக்கு வருடத்துக்கு மூன்று தொகுதி புகையிரத ஆணைச்சீட்டுகள், அதாவது வொறன்ட், தாபன விதிக்கோவையின்படி வழங்கப்படுகின்றன. கணவன் அல்லது மனைவியும் அவர்களில் தங்கியிருக்கும் பிள்ளைகளும் அதில் சேர்ந்து போகலாம். ஓய்வூதியம் பெறுபவர்களுக்கும் வொறன்ட் உண்டு. வேலைக்குப் போய்வரச் சலுகை விலையில் சீசன் டிக்கட்டும் கிடைக்கிறது. இவை அனைத்தும் நியாயமானவையே. தோட்டப் பாடசாலைக்குத் தூரத்திலிருந்து வரும் ஆசிரியைக்கு இந்த உதவி கிடைப்பதை நாம் குறை சொல்லப் போவதில்லை.

நாம் கேட்பது இதுதான். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ளவருக்கு வருடத்துக்கு மூன்று முறை இலவசமாகப் போக வழி இருக்கிறது. நாட்கூலிக்குக் கொழுந்து பறிப்பவருக்கும், கணவனை யுத்தத்தில் இழந்து தையல் தைத்துப் பிள்ளை வளர்ப்பவருக்கும் வறுமை என்ற ஒரே காரணத்துக்காக அப்படி ஒரு சீட்டு எழுதப்படுவதில்லை. சீசன் டிக்கட்டை யாரும் வாங்கலாம்தான். ஆனால் அது தினமும் ஒரே பாதையில் போய்வருபவருக்கே இலாபம். வருடத்தில் நாலைந்து தடவை தூரப் பயணம் போகும் தாய்க்கு அதனால் பயனில்லை. இலவசமாக ஏற்றிச் செல்லும் ஏற்பாடு இல்லாத நாடல்ல இது. அந்த ஏற்பாடு உத்தியோகத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது, தேவையைப் பார்த்து அல்ல.

அயல்நாட்டுச் சட்டத்தில் எமது யுத்தம்

இந்தியப் புகையிரதத்தின் சலுகைப் பட்டியலில் யுத்த விதவைகளுக்கு ஓரிடம் இருந்தது. அடையாள அட்டையைக் காட்டினால் இரண்டாம் வகுப்பில் கட்டணத்தின் 75 சதவீதம் கழிக்கப்பட்டது. அந்தப் பட்டியலில் தனியாக ஒரு வரி: இலங்கையில் கொல்லப்பட்ட இந்திய அமைதிப் படையினரின் விதவைகள். எமது மண்ணில் நடந்த யுத்தத்தில் கணவனை இழந்த ஒரு இந்தியப் பெண், கால் பங்குக் கட்டணத்தில் தன் நாட்டில் எங்கும் போகலாம் என்று சட்டம் சொன்னது. அவளது துயரத்தை நாம் சிறிதாக எண்ணவில்லை. அதே யுத்தத்தில் இங்கே கணவனை இழந்த பெண்ணுக்கும் அப்படி ஒரு வரி எழுதப்பட்டிருக்கலாமே என்றுதான் மனம் கேட்கிறது.

ஆனால் அந்தச் சலுகையின் முடிவையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது நோயாளர், மாணவர், மாற்றுத்திறனாளர் தவிர்ந்த பெரும்பாலான பிரிவினரின் சலுகைகளை இந்தியப் புகையிரதம் நிறுத்திவிட்டது. மூத்த பிரஜைகளின் சலுகையும் அப்படியே போனது. தயவாகக் கொடுக்கப்பட்டது ஒரே அறிவித்தலோடு போய்விடும் என்பதற்கு இது ஒரு பாடம்.

இன்னொரு பாடம் "இஸ்ஸத்" திட்டம். இஸ்ஸத் என்றால் மானம், கௌரவம். 2009ஆம் ஆண்டு அப்போதைய புகையிரத அமைச்சர் மம்தா பானர்ஜி இதைக் கொண்டுவந்தார். அமைப்புசாராத் தொழில் செய்பவர், மாத வருமானம் 1,500 ரூபாவுக்கு மேற்படாதவர் 25 ரூபா கொடுத்து ஒரு மாதச் சீட்டு வாங்கினால் 100 கிலோமீற்றர்வரை தினமும் போய்வரலாம். வீட்டுவேலைக்கும் சந்தைக்கும் நகரத்துக்குப் போகும் ஏழைகளுக்கு இது பெரிய உதவி. ஆயினும் சீட்டைப் பெற வருமானச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு அதிகாரியிடமோ நாடாளுமன்ற உறுப்பினரிடமோ போக வேண்டும். பரிந்துரை தேடத் தெரிந்தவருக்குச் சான்றிதழ் கிடைத்தது. அத்தாட்சி காட்ட முடியாத ஏழை வெளியே நின்றார். தகுதியில்லாதவர்கள் சீட்டை வாங்குகிறார்கள் என்ற முறைப்பாடும் எழுந்தது. மானம் என்று பெயர் வைத்த திட்டத்தில், தான் ஏழை என்று இன்னொருவரிடம் எழுதி வாங்க வேண்டியிருந்தது.

சான்றிதழ் கேட்காத பஸ்

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் வேறு வழியில் ஒரு திட்டம் தொடங்கியது. சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்கள் எல்லோரும் காசில்லாமல் ஏறலாம். வருமானச் சான்றிதழ் இல்லை, அட்டை இல்லை, மனு இல்லை. பெண் என்பதே போதும். நடத்துனர் கட்டணமில்லாத ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். பின்னர் மாற்றுத்திறனாளிகளும் திருநங்கையரும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். பஸ் கழகங்களுக்கு ஏற்படும் இழப்புக்காக முதல் ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாவை அரசாங்கம் ஒதுக்கியது. ஒரு பெண்ணுக்கு மாதம் 800 ரூபாவுக்கு மேல் மிச்சமாகிறது என்று அம்மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு கணக்கிட்டது. 2023 ஜூனில் கர்நாடகமும் "சக்தி" என்ற பெயரில் இதேபோன்ற திட்டத்தைத் தொடங்கியது.

உலகத்தின் மறுபக்கத்திலும் உதாரணங்கள் உண்டு. 1844இலேயே பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஒவ்வொரு பாதையிலும் நாளுக்கு ஒரு வண்டியாவது ஏழைகளுக்காக ஓட வேண்டும், மைலுக்கு ஒரு பென்னிக்கு மேல் வாங்கக்கூடாது, மழை படாமல் கூரை இருக்க வேண்டும் என்று புகையிரதக் கம்பனிகளுக்கு அது கட்டளையிட்டது. லக்சம்பேர்க் என்ற சிறிய நாடு 2020ஆம் ஆண்டு இரண்டாம் வகுப்புப் புகையிரதம் உட்படப் பொதுப் போக்குவரத்து முழுவதையும் எல்லோருக்கும் இலவசமாக்கியது. ஸ்பெயின் 2022 செப்டெம்பரில் விலைவாசி ஏறியபோது நகரஞ்சார்ந்த புகையிரதங்களில் அடிக்கடி பயணிப்பவர்களுக்கு இலவசச் சீட்டு வழங்கியது. வைப்புப் பணம் கட்ட வேண்டியிருந்தது. குறித்த எண்ணிக்கையான பயணங்களைச் செய்தால் அது திரும்பக் கிடைத்தது.

எமது நாடு லக்சம்பேர்க் அல்ல என்பது எமக்குத் தெரியும். புகையிரதத் திணைக்களம் நட்டத்தில் ஓடுகிறது என்பதும் தெரியும். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் மலைநாட்டுத் தண்டவாளங்களை எப்படிச் சிதைத்தது என்பதையும் கண்ணால் கண்டோம். எல்லோருக்கும் எல்லாப் பயணமும் இலவசமாக வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. யுத்தத்தினால் வந்துசேர்ந்த பயணங்களுக்கு மட்டும் வழி கேட்கிறோம்.

எப்படிக் கொடுக்கலாம்?

இதற்குப் புதிய அலுவலகமோ புதிய அட்டையோ தேவையில்லை. வொறன்ட் எழுதும் முறை ஏற்கனவே இருக்கிறது. அதில் சில பயணங்களைச் சேர்த்தால் போதும்.

தடுப்பிலோ சிறையிலோ உள்ள உறவினரைப் பார்க்கப் போகும் பயணம். வழக்குத் தவணைக்கும் விசாரணைக்கும் போகும் பயணம். கிளினிக்குக்குப் போகும் பயணம். இவற்றுக்கு வருடத்துக்கு இத்தனை என்று எண்ணிக்கை வரையறுத்துக் கொடுக்கலாம். கூட ஒருவர் போகவும் இடம் வேண்டும். வயதான தாயையும் இளம் பெண்ணையும் தனியே அனுப்பக்கூடாது. புகையிரதம் போகாத இடங்களுக்கு அரசாங்க பஸ்ஸிலும் செல்லுபடியாக வேண்டும். றத்தோட்டைக்கும் எல்கடுவைக்கும் தண்டவாளம் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஏழை என்று நிரூபிக்கச் சொல்லக்கூடாது. இடம்பெயர்ந்தபோது பெட்டியோடு பத்திரங்களை இழந்த பெண்ணிடம் இன்னொரு பத்திரம் கேட்பது கொடுமை. விசாரணைக்கு அழைத்த கடிதம், தவணைத் திகதி எழுதிய துண்டு, கிளினிக் கொப்பி, இவற்றில் ஒன்று அவள் கையில் இருக்கும். அதுவே அத்தாட்சியாக இருக்கட்டும்.

இது நடக்கக்கூடியதா? யுத்த காலத்திலும் அதன் பின்னரும் சர்வதேச செஞ்சிலுவைக் குழு, தடுத்துவைக்கப்பட்டவர்களைக் குடும்பத்தினர் போய்ப் பார்ப்பதற்குப் பயண உதவி வழங்கியது. உள்ளே இருப்பவர் இன்னார், பார்க்க வருபவர் இன்னார் என்ற தொடர்பே அந்த உதவிக்கு அடிப்படையாக இருந்தது. வெளியிலிருந்து வந்த ஓர் அமைப்பு செய்ததை எமது அரசாங்கம் செய்ய முடியாதா? 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தினால் இழப்பீடுகளுக்கான அலுவலகமும் அமைக்கப்பட்டது. இழப்பீடு என்பது கையில் ஒரு தடவை கொடுக்கும் காசோலை மட்டுமல்ல. நீதிமன்ற வாசல்வரை போய்வர வழிசெய்வதும் இழப்பீடுதான்.

நாம் இன்றே செய்யக்கூடியவை

திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போகிறவர்கள் அங்குள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் பயண உதவி பற்றிக் கேளுங்கள். பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடமும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் கேளுங்கள். "அப்படி ஒன்றும் இல்லை" என்று வாயால் சொன்னால் எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எமக்கும் உரியது. புகையிரதத் திணைக்களத்தின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே எழுதலாம். எந்தெந்தப் பிரிவினருக்கு இலவச அல்லது சலுகைப் பயணம் உண்டு, கடந்த வருடம் எத்தனை வொறன்ட் வழங்கப்பட்டன, அவற்றில் குறைந்த வருமானமுடையோருக்கு எத்தனை என்று கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும் என்பது சட்டம். தனியே எழுதத் தயங்குபவர்கள் மாதர் சங்கத்தில் சேர்ந்திருந்து எழுதுங்கள். பாடசாலைக்குப் போகும் மகளிடம் எழுதச் சொல்லி நீங்கள் கையொப்பமிடுங்கள்.

இன்னுமொன்று. ஒரு கொப்பியை எடுத்து, இந்த வருடம் எங்கெங்கே போனீர்கள், எதற்காகப் போனீர்கள், எவ்வளவு முடிந்தது, எத்தனை பேர் இழந்தீர்கள் என்று எழுதி வையுங்கள். காசில்லாததால் போகாமல் விட்ட பயணத்தையும் எழுதுங்கள். பத்துப் பெண்களின் கொப்பியைச் சேர்த்து வைத்தால் அது ஒரு மனு. நூறு பெண்களின் கொப்பி என்றால் எந்த அதிகாரியும் தள்ளிவைக்க முடியாத சாட்சி. தகர டிக்கட் காலத்தில் எம்மவரின் பயணக் கணக்கைத் தோட்டம் எழுதியது. அந்தக் கணக்கு எம்மவரைக் கடனாளியாக்கியது. இம்முறை கணக்கை நாமே எழுதுவோம்.

மன்னாரிலிருந்து மாத்தளைவரை காலால் நடந்தவர்களின் பேத்திகள் நாம். நடக்க எமக்குத் தெரியும். ஆனால் மகனைப் பார்க்கவும், காணாமற்போன கணவனுக்காகச் சாட்சி சொல்லவும், உயிர்காக்கும் மருந்தை வாங்கவும் போகும் ஒரு பெண், டிக்கட்டுக்குக் கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வொறன்ட் எழுதும் கொப்பி அரசாங்கத்திடம் ஏற்கனவே இருக்கிறது. அதில் அவளது பெயரையும் எழுதச் சொல்லித்தான் கேட்கிறோம்.